அட்டையில் மிச்சமிருந்த இடம்

போன மாதம் மகன் குடும்பத்தோடு கொழும்பிலிருந்து வந்து நான்கு நாள் தங்கிவிட்டுப் போனான். அவர்கள் போனதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மனைவி பிரஷர் மாத்திரையை மாற்றச் சொல்கிறாள். மாத்திரையால் தீருகிற காரியமில்லை இது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பண்டாரவளையில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த ஒருவர் இத்தனை காலம் கழித்து என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி எழுதிவிட்டால் எழுந்து போவாரோ என்று பார்க்கிறேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதால் நானும் எழுதவில்லை. தச்சரையும் மேசனையும் பாஸ் என்பதுபோல அவர் எல்லோருக்கும் ரேடியோ பாஸ். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையின் என்ஜின் அறையில் சில வருடம் நின்று, பிறகு டவுனுக்கு வந்தவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தையற்கடை. மரப்படியேறி அதற்கு மேலே போனால் அவர் அறை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, சுவர் முழுக்கத் தட்டு. தட்டில் வரிசையாய் ரேடியோக்கள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஓர் அட்டை தொங்கும்.

அவரை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்பே அந்த அட்டைதான் எனக்கு நினைவுக்கு வரும். தையற்கடையில் சட்டை மடிக்கிற அட்டைகளை வாங்கி உள்ளங்கையளவு வெட்டி வைத்திருப்பார். நூலும் கீழேயிருந்துதான். நாம் பெட்டியை மேசையில் வைத்ததும் அவர் பெட்டியைப் பார்க்கமாட்டார், நம்மைப் பார்ப்பார். என்ன ஆச்சு என்ற கேள்வி அவரிடம் கிடையாது.

“என்ன செஞ்சீங்க?”

“நான் ஒண்ணும் செய்யலீங்களே பாஸ். பாடிக்கிட்டே இருந்துச்சு, தானா நின்னுபோச்சு.”

“சரிங்க. அதையே எழுதுங்க.”

அட்டையையும் பென்சிலையும் நீட்டுவார். எழுதத் தெரியாதவர் என்றால் அவர் சொல்லச் சொல்லப் பெஞ்சில் இருக்கிற யாராவது எழுதிக் கொடுக்கவேண்டும். பாஸ் மட்டும் எழுதமாட்டார். வாங்கி வாசிப்பார். கீழே வெற்றிடம் இருந்தால் அதில் விரலை வைத்து, “அட்டையில இன்னும் எடம் இருக்குங்க” என்பார். பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறவரின் குரல் அது. எழுத வேறொன்றும் இல்லை என்று நாம் சொன்னால், அட்டையைப் பெட்டியில் கட்டித் தட்டில் ஏற்றிவிடுவார். பிறகு அதைத் தொடமாட்டார்.

ஒரு சில்லறைக்கடை முதலாளியின் ரேடியோ இரண்டு மாதம் அப்படிக் கிடந்தது. ‘தானாக நின்றது’ என்று அட்டை. வாரத்துக்கு ஒருமுறை முதலாளி படியேறி வந்து சத்தம் போடுவார்.

“என்னா பாஸ், இன்னும் தொடலியா? பண்டாரவளையில வேற ஆளே இல்லைன்னு நெனப்பா?”

“இருக்காரே முதலாளி, ஸ்டேஷன் பக்கம் ஒருத்தர். தாராளமா கொண்டு போங்க. அட்டைய மட்டும் வச்சிட்டுப் போங்க.”

கடைசியில் ஒருநாள், பெஞ்சில் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து, முதலாளி மெதுவாகச் சொன்னாராம். மழைக்காலத்தில் ரேடியோ ஈரம் பிடித்துக் கரகரத்திருக்கிறது. அதை அடுப்புக்கு மேலே, விறகு காயவைக்கிற பரணில், ஒருநாள் முழுக்க வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஈரமான எதையும் அங்கேதான் வைப்போம். விறகு, கம்பளி, குழந்தையின் சட்டை எல்லாம். ரேடியோவுக்குள் உருகுகிற மெழுகு இருக்கிறது என்று யார் கண்டது. பாஸ் அட்டையை அவிழ்த்து நீட்டினாராம். முதலாளி எழுதினாராம். மறுநாளே ரேடியோ வீட்டுக்குப் போனது.

எங்கள் தோட்டத்து மிட்வைஃப் அம்மா இதற்கு நேர்மாறு. அன்று நானும் பெஞ்சில் இருந்தேன். அட்டையின் இரண்டு பக்கமும் எழுதி நிரப்பிவிட்டு இன்னொரு அட்டை கேட்டார். புருஷனோடு ஏதோ சண்டை. செய்தி முடியட்டும், பிறகு பேசு என்று புருஷன் சொல்லியிருக்கிறார். மிட்வைஃப் அம்மா செருப்பைக் கழற்றி ரேடியோவுக்கு ரெண்டு போட்டுவிட்டார்.

பாஸ் வாசித்து முடித்துவிட்டுக் கேட்டார். “ரெண்டுதானா?”

“மூணாவது அவருக்கு விழுந்துச்சு. அத எதுக்கு ஒங்ககிட்ட எழுதணும்?”

பாஸ் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அரை மணித்தியாலத்தில், எங்கள் எல்லோருக்கும் முன்னால், அந்த ரேடியோ பாடியது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. பெட்டியைத் திறந்து கரண்ட் கொடுத்துவிட்டால், இடது கையைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முழுக்க வலது கையால்தான். அதிலும் இரண்டு விரல்கள் முழுதாக மடங்காது. பார்க்கிறவர்களுக்கு அது பெரிய மிடுக்காகத் தெரியும். “தொர நிக்கிற மாதிரி நிக்கிறாரு பாரு” என்று பெஞ்சில் முணுமுணுப்பார்கள். தோட்டப் பாடசாலை மாஸ்டரான நான் ஒருமுறை கேட்டேன்.

“ஒரு கையில புடிச்சா கையோட போகும் மாஸ்டர். ரெண்டு கையும் உள்ள இருந்தா நெஞ்சு வழியாப் போகும்” என்றார்.

அந்த இரண்டு விரல்களின் கதையை அவர் சொல்லவில்லை. கீழே தையற்காரர் சொன்னார். ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று சொல்லி யாரோ கொண்டுவந்த ஒரு பெட்டி. அந்த ஆள் தன் வசதிக்கு உள்ளே ஒரு வயரை மாற்றிப் போட்டிருந்தான். நம்பிக் கைவைத்த பாஸ் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்ததுதான் அட்டை.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். தெரிந்துகொண்டுதான் நான் அந்த மரப்படியில் ஏறினேன்.

அப்போது நாங்கள் பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த சமயம் எங்கள் வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போனார். கிளப்பில் அவர் விட்டுப்போன சாமான்களில் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் இருந்தது. இரண்டு பேர் தூக்கவேண்டிய கனம். பின்பக்கம் எட்டிப் பார்த்தால் ஐந்து கண்ணாடி வால்வுகள் சிவப்பாய்க் கனன்றுகொண்டிருக்கும். தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் அதை என் மகனுக்குக் கொடுத்தார்.

மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏ.எல். பரீட்சை இரண்டுமுறை எழுதியும் சரிவரவில்லை. ஒரு வருடமாக வீட்டில் இருந்தான். நான் பேசினால் சுவரைப் பார்ப்பான். காலையில் அவனைப் பாயிலிருந்து எழுப்பியது அந்தக் கிட்டார் ஒன்றுதான். என் மனைவி கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அவன் அறை ஜன்னலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஆம்ப்ளிஃபயரில் இரண்டு குறைகள். தொடக்கத்தில் நன்றாகப் பாடும். கால் மணித்தியாலம் போனால் சத்தம் தேயும். குமிழை முழுக்கத் திருப்பினாலும் பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோலத்தான் கேட்கும். பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் திரும்பி வரும், பிறகு மறுபடி தேயும். மற்றது, குமிழைக் கூட்டக் கூட்டப் பாட்டோடு ஓர் இரைச்சலும் கூடும், தேனீக் கூட்டை அசைத்துவிட்டதுபோல.

தொழிற்சாலையில் கரண்ட் வேலை பார்ப்பவர் எனக்கு வழி சொன்னார். “பிளக்குக்குள்ள அந்தப் பச்ச வயர கழட்டி விடுங்க மாஸ்டர். இரைச்சல் நின்னுரும்.”

மூன்று முனைப் பிளக்கை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவன் நான். பெரிய முனை எர்த், அதற்குப் பச்சை வயர். உள்ளே கரண்ட் தப்பிப் பெட்டியின் உடம்புக்கு வந்தால், ஆளைத் தொடாமல் அதை மண்ணுக்குக் கொண்டுபோகிற வழி அது ஒன்றுதான் என்று பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லவைப்பேன். அதே கையால் சவர பிளேடை எடுத்துப் பச்சை வயரை வெட்டினேன். இரைச்சல் நின்றது. மகன் ஒரு தந்தியை மீட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு அது. வேறெதையும் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

சத்தம் தேய்வது மட்டும் தீரவில்லை. அந்த நேரத்தில்தான் ஹல்துமுல்லையில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க மகனையும் அவன் கூட்டாளிகளையும் கூப்பிட்டார்கள். அவனை யாரோ வேண்டுமென்று கூப்பிட்டது அதுவே முதல்தடவை. கல்யாணத்துக்கு இரண்டு வாரமிருக்க, நானும் அவனும் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிப் பண்டாரவளைக்குக் கொண்டுபோனோம்.

“என்ன செஞ்சீங்க மாஸ்டர்?”

நான் அட்டையை வாங்கி, ‘கால் மணித்தியாலத்தில் சத்தம் குறைகிறது. தட்டினால் கூடுகிறது’ என்று என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். பாஸ் பெட்டியைத் திறக்காமலே சோதித்தார். கிட்டாரிலிருந்து வருகிற வயரை மாற்றிப் பார்த்தார். குமிழை இப்படியும் அப்படியும் திருப்பிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேட்டார். பிறகு இடது கையைப் பையில் போட்டுக்கொண்டு, பென்சிலின் ரப்பர் முனையால் வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினார். மூன்றாவதில் சத்தம் சட்டென்று விழுந்தது. இன்னொரு தட்டில் எழுந்தது.

“இவரு கால் ஊண்டி நிக்கல. சூடேறினா ஆடுறாரு” என்றார். பிறகு விரலை அட்டையில் வைத்தார். “இன்னும் எடம் இருக்குங்க மாஸ்டர்.”

பெஞ்சில் நான்கைந்து பேர். இரண்டு பேரின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தவர்கள். பக்கத்தில் மகன் நின்றான். விஞ்ஞான மாஸ்டர் எர்த் வயரை வெட்டினார் என்பதை அங்கே என்னால் எழுத முடியவில்லை. ‘வேறொன்றும் செய்யவில்லை’ என்று கீழே எழுதினேன். அப்போதும் அட்டையில் இடமிருந்தது. பாஸ் அதைப் பெட்டியில் கட்டித் தட்டில் ஏற்றினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள், பின்னேரம், நான் தனியாகப் போனேன். சண்டை போடத் தயாராகத்தான் படியேறினேன். பெட்டி மேசையில் தயாராக இருந்தது.

“தம்பி மூணு நாள் வந்து இந்த பெஞ்சில உக்காந்து இருந்துச்சு மாஸ்டர். வாயத் தொறக்கல. பெட்டியப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு” என்றார் பாஸ். “அதான் தொறந்தேன். வால்வு கால் சுத்தம் பண்ணி இறுக்கியிருக்கேன். ஒரு கண்டென்சர் மாத்தியிருக்கேன். இனிமே சத்தம் எறங்காது.” பிளக்கை எடுத்து என் பக்கம் திருப்பினார். “வயரும் புதுசு போட்டிருக்கேன். இரைச்சல் கொஞ்சம் வரும். வந்தா வந்துட்டுப் போகட்டும்.”

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவன்போல நிற்பதற்கு எனக்குக் கோபம் வேண்டியிருந்தது.

“நான் பொய் எழுதினேன்னு சொல்றீங்களா?”

“இல்லீங்க மாஸ்டர். அட்டையில எடம் இருக்குன்னுதான் சொன்னேன்.”

பென்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் கிடந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். தையற்காரர் எழுந்து வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

கல்யாணம் ஹல்துமுல்லையில் ஒரு பாடசாலை மண்டபத்தில். பகல் இரண்டு மணி. கூட்டாளிகள் ஒரு மைக்கையும் அதற்கு வேறு ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்திருந்தார்கள். மகன் கிட்டாரை மாட்டி ஒரு தட்டுத் தட்டினான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அப்படியொரு சத்தம், கலங்காத சத்தம். அதன் அடியில் இரைச்சலும் இருந்தது.

அவன் முகம் வாடியது. “என்னப்பா இது, அந்த ஆளு கெடுத்து வச்சிருக்காரு. போன தடவ நீங்க என்னமோ செஞ்சீங்களே. அத செய்ங்கப்பா.”

என் சட்டைப் பையில் தாளில் சுற்றிய பிளேடு இருந்தது. வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தேன். மேடைக்குப் பின்னால் முழங்காலிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். அதன் திருகாணி ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். இரண்டாவதைப் பாதி திருப்பியிருந்தேன். வெளியே கார் ஹார்ன் கேட்டது. “மாப்பிள்ளை வந்தாச்சு, என்னா அங்க தூங்குறீங்களா, பாட்டப் போடுங்க” என்று யாரோ கத்தினார்கள். நேரமில்லை. திருகாணிகளைத் திரும்ப முறுக்கிப் பிளக்கைச் செருகினேன். அவ்வளவுதான் நடந்தது. மாப்பிள்ளையின் கார் ஹப்புத்தளையிலிருந்து வருகிற வளைவுகளில் இன்னும் இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால், என்று இந்த வாக்கியத்தை நான் இன்றுவரை முடித்ததில்லை.

மூன்றாவது பாட்டு. மகனின் விரல்கள் தந்தியில், உதடு மைக்கில். கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான். டப்பென்று ஒரு சின்னச் சத்தம். கிட்டார் ஊமையாயிற்று. பெட்டிக்குப் பின்னால் வால்வுகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.

“யாரு திருத்தினது? ரேடியோ பாஸா?” என்று பெண் வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். “அப்ப அட்டையில எழுதிக் குடுங்கப்பா, அப்பதான் பாடும்.” மண்டபம் சிரித்தது. மகன் கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

நான் ஃபியூசைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடி கறுத்திருந்தது. நான் படிப்பிக்கிற பாடம்தான் அது. உள்ளே கரண்ட் தப்பிப் பெட்டியின் உடம்பைத் தொட்டிருக்கிறது. பச்சை வயர் அதை மண்ணுக்கு இழுத்திருக்கிறது, ஃபியூஸ் வெடித்திருக்கிறது. பச்சை வயர் இல்லாவிட்டால் ஃபியூஸ் வெடித்திருக்காது. கரண்ட் தந்திக்கு வந்து, விரலுக்கு வந்து, உதட்டால் மைக்குக்குப் போயிருக்கும். நடுவில் இருப்பது நெஞ்சு. அன்று அந்த மண்டபத்தில் நான் எவ்வளவு நேரம் குந்தியிருந்தேன் என்று தெரியவில்லை. பந்திக்குக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மகனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டான். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனேன். படியேறும்போது அங்கே போனதும் சொல்லிவிடுவேன் என்றுதான் இருந்தேன்.

பாஸ் திறந்து பார்த்தார். “டிரான்ஸ்ஃபோமர்ல கம்பி வெந்து உடம்புல சாஞ்சிருக்கு” என்றார்.

“கல்யாண வீட்டுல மானம் போச்சு” என்றான் மகன். “அது வரைக்கும் சத்தம்தான் கொறஞ்சுச்சு. நின்னதில்ல. நீங்க கை வச்ச பொறகுதான் இப்படி.”

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ் என்னைப் பார்த்தார். கீழே தையல் மெஷின் ஓடி நின்று மறுபடி ஓடியது. நான் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா தம்பி” என்றார் பாஸ். “கடைசியா கை வச்சது நான்தான்.”

அட்டையை இழுத்து, பென்சிலை எடுத்து, என் வரிக்குக் கீழே அவரே எழுதினார். அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. கோணலான பெரிய எழுத்துகள். ‘கடைசியில் கை வைத்தது பாஸ்.’ பிறகு மகனிடம், “இதுக்கு டிரான்ஸ்ஃபோமர் இப்ப நாட்டுல கெடைக்காது தம்பி. வீட்டுல வச்சிருங்க. கரண்ட் மட்டும் குடுத்துறாதீங்க” என்றார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து அதற்குப் பிறகு யாரும் அவரிடம் பெட்டி கொண்டுவருவதில்லை என்று தையற்காரர் ஒருமுறை சொன்னார். அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில், பாஸுக்கும் பாஸ்போர்ட் வந்தது. குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அதிகமாக விசாரிக்கவுமில்லை.

மகன் பிறகு கொழும்பில் ஒரு வேலைக்குப் போனான், கல்யாணம் செய்தான். நன்றாக இருக்கிறான். போன மாதம் வந்தபோது, ஸ்டோர் அறையில் பேத்தி அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தாள். அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மகன் தூசியைத் துடைத்து வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தான்.

“இங்க பாருங்க, அந்த மனுசனே கைப்பட எழுதி ஒத்துக்கிட்டு இருக்காரு. என் மொதல் கச்சேரியக் கெடுத்த ஆளு.” பிறகு கல்யாண வீட்டுக் கதையை மனைவிக்கும் பிள்ளைக்கும் சொன்னான். நன்றாகக் கதை சொல்வான். பாஸ் கையைப் பையில் போட்டுக்கொண்டு நிற்பதுபோல நின்றும் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். “அப்பா, ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்றான்.

“இருக்கு” என்றேன்.

அட்டையை அவிழ்த்து என்னிடம் வைத்துக்கொண்டேன். இத்தனை நாளும் மேசையில் கிடந்தது. இன்று காலை அவருடைய வரிக்குக் கீழே எழுதினேன். ‘அதற்கு முன் பச்சை வயரை வெட்டியது அப்பா. கல்யாணத்தன்றும் வெட்டப் போனேன். உன்னைக் காப்பாற்றியது பாஸ் போட்ட வயர்.’ கடைசிச் சொல்லை ஓரத்தில் நெருக்கி எழுதவேண்டியதாயிற்று. அட்டையில் இப்போது இடமில்லை.

உறையில் போட்டு மகனின் கொழும்பு விலாசத்தை எழுதியிருக்கிறேன். தபால் பையைப் பத்து மணிக்குக் கட்டுவார்கள். இப்போது ஒன்பதே முக்கால். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போகவேண்டும்.